ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று பாருங்கள்: நீர்ப்பறவை குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரிகள் வடியத் தொடங்கும் இந்த மாதங்களில் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், பெரும்பாக்கம், வேடந்தாங்கல் பற்றித்தான் அதிகக் கடிதங்கள் வருகின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தந்திருக்கிறோம்.

மழை நின்ற மறுவாரமே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பள்ளிக்கரணைக்குப் போனோம். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்தான், நாலைந்து கொக்குகள் தவிர ஒன்றும் தென்படவில்லை. பூநாரையெல்லாம் வரும் என்கிறார்களே, எப்போது போவது?
(மடிப்பாக்கம் வாசகி)

நீங்கள் போனது தவறான இடத்துக்கு அல்ல, தவறான ஆழத்துக்கு. நீர்ப்பறவைகளில் பெரும்பாலானவை நீந்தி இரை தேடுபவை அல்ல. நின்று தேடுபவை. ஆகவே எந்தப் பறவை எங்கே நிற்கும் என்பதை அதன் காலின் நீளமே தீர்மானிக்கிறது. பொறி உள்ளான் போன்ற சிறு கரைப்பறவைகளுக்கு இரண்டு மூன்று விரல் ஆழம் போதும், அதற்கு மேல் போனால் அவற்றால் சேற்றைத் துழாவ முடியாது. நெடுங்கால் உள்ளான் ஒரு சாண் வரை இறங்கும். மஞ்சள் மூக்கு நாரையும் கரண்டிவாயனும் இன்னும் சற்று ஆழத்தில் நிற்கும். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் ஆகியவை நீந்தும் என்றாலும் பெரும்பாலும் மூழ்குவதில்லை. தலையைக் கவிழ்த்து எட்டும் ஆழம்தான் அவற்றின் எல்லை. அது சுமார் ஓர் அடி.

பள்ளிக்கரணை தென்சென்னையின் வடிகால் கிண்ணம். சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பிலிருந்து, சுற்றியுள்ள ஏரிகள் நிரம்பி வழியும் நீர் இங்கே வந்து சேர்கிறது. பிறகு ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாயில் கலந்து கோவளம் முகத்துவாரம் நோக்கிப் போகிறது. நவம்பரிலும் டிசம்பர் தொடக்கத்திலும் கிண்ணம் நிறைந்திருக்கும்போது முக்குளிப்பான், நீர்க்காகம், பாம்புத்தாரா போன்ற மூழ்கும் பறவைகளும், சம்புப் புதரில் நடமாடும் நீலத் தாழைக்கோழியும்தான் வசதியாக இருக்கும். மற்றவை ஆழம் குறைந்த வேறு ஏரிகளுக்கும் வயல்களுக்கும் சிதறிவிடும்.

ஜனவரியில் நீர் இறங்கத் தொடங்கியதும் கரையோரம் ஈரச்சேறு வெளிப்படும். அதுதான் உங்களுக்கான அறிகுறி. சம்புத் தண்டிலும் கல்சுவரிலும் பழைய நீர்மட்டக் கறை இப்போதைய நீருக்கு ஒரு சாணுக்கு மேல் உயரத்தில் தெரிகிறதா, பாருங்கள். தெரிந்தால் கூட்டம் வரத் தொடங்கியிருக்கும். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை பொதுவாக நல்ல காலம். மீன்களும் புழுக்களும் சுருங்கும் நீரில் அடர்ந்து கிடப்பதால் பறவைகளும் ஒரே இடத்தில் குவியும். பூநாரையையும் நீர் வற்றும் இந்த மாதங்களில்தான் எதிர்பார்க்கலாம். வலசை வந்தவை ஏப்ரலில் பெரும்பாலும் கிளம்பிவிடும். மழை குறைந்த ஆண்டில் இந்தக் கணக்கு ஒரு மாதம் முன்னே வரும், நீடித்துப் பெய்தால் பின்னே போகும். அதனால் தேதியைவிட நீர்மட்டத்தை நம்புங்கள்.

பள்ளிக்கரணையில் எந்தச் சாலையில் நின்று பார்ப்பது? காலையில் போனால் எல்லாப் பறவையும் கறுப்பாகவே தெரிகிறது.
(குரோம்பேட்டை வாசகர்)

சூரியனைப் பார்த்தபடி நின்றிருக்கிறீர்கள். வேளச்சேரி–தாம்பரம் சாலை சதுப்பு நிலத்தின் மேற்கு ஓரத்தில் போகிறது. அங்கே நின்று காலையில் பார்த்தால் வெயில் நேரே கண்ணில் அடிக்கும், பறவை நிழலுருவாகத்தான் தெரியும். அந்தப் பக்கத்தை மாலை நான்கு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் துரைப்பாக்கம்–பல்லாவரம் ஆரச்சாலைதான் சரி. அது கிழக்கு மேற்காகச் சதுப்பு நிலத்தைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) முனையிலிருந்து பல்லாவரம் நோக்கி நடந்தால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், நிறங்கள் தெளிவாக விழும். காலை 6 மணியிலிருந்து 8:30 வரை நல்ல நேரம். ஒன்பதரைக்கு மேல் நீர்ப்பரப்பிலிருந்து சூடான காற்று எழுவதால், தொலைவில் இருக்கும் பறவை பைனாகுலரில் நெளிந்து நெளிந்து தெரியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஆரச்சாலையில் வண்டிகள் மிக வேகமாக வரும். சாலையோரத்தில் காரை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து பார்ப்பது ஆபத்து. வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடைபாதையிலேயே நில்லுங்கள். பிள்ளைகள் இருந்தால் அதே சாலையில் வனத்துறை அமைத்துள்ள சூழலியல் பூங்காவின் நடைபாதைதான் பொருத்தம். எங்கே நின்றாலும் சேற்றில் மட்டும் இறங்காதீர்கள். மேலே காய்ந்த ஓடு போலிருக்கும், கீழே முழங்கால் வரை புதையும்.

முதல் பைனாகுலர் வாங்கப் போகிறேன். 10×25 கையடக்கமாக இருக்கிறது, 8×42 கனமாக இருக்கிறது. எது?
(அண்ணா நகர் வாசகர்)

8×42. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன் லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 8×42-இல் அது 5 மி.மீ.க்குச் சற்று மேல், 10×25-இல் வெறும் 2.5 மி.மீ. அதிகாலை மங்கலில் கண்மணி விரிந்திருக்கும்போது இரண்டாவது கருவி இருட்டாகவே காட்டும். மடங்கு கூடக்கூடக் கை நடுக்கமும் கூடித் தெரியும், பார்வைப் பரப்பும் குறுகும். பறக்கும் பறவையைப் பிடிக்கவே முடியாது. தெருவோரம் 50 மடங்கு, 100 மடங்கு என்று சொல்லி விற்பவற்றை வாங்க வேண்டாம்.

வாங்கியதும் பலர் செய்யாமல் விடுவது கண்ணுக்கேற்பப் பொருத்துவதை. முதலில் இரு குழல்களையும் மடக்கி விரித்து ஒரே வட்டமாகத் தெரியும்படி செய்யுங்கள். வலது லென்ஸைக் கையால் மூடிவிட்டு, நடுச்சக்கரத்தைத் திருப்பி, தூரத்திலுள்ள பெயர்ப்பலகையின் எழுத்து இடது கண்ணுக்குத் தெளிவாகும்படி வையுங்கள். பிறகு இடதை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண்பகுதியில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நிற்கும் இடத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இனி நடுச்சக்கரம் மட்டும்தான். கண்ணாடி அணிபவர்கள் ரப்பர் கண்குமிழை முழுக்க இறக்கிவிட்டுப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பாதி வட்டம்தான் தெரியும்.

கரையோரம் பெரிய நத்தைக் கூடுகள் குவியலாகக் கிடந்தன. ஒன்றுகூட உடையவில்லை, உள்ளே காலி. யார் தின்றது?
(ஒன்பதாம் வகுப்பு மாணவி, மேடவாக்கம்)

நத்தைக்குத்தி நாரை. அதன் மேல் அலகும் கீழ் அலகும் நுனியில் சேரும், நடுவில் சேராமல் ஓர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் நத்தையை வைத்து நசுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நீ பார்த்த உடையாத கூடுகளே அது அப்படியில்லை என்பதற்குச் சாட்சி. நாரை நத்தையைத் தண்ணீருக்கடியில் மேல் அலகால் தரையோடு அழுத்திப் பிடிக்கிறது. கூர்மையான கீழ் அலகின் நுனியை, நத்தையின் வாயை அடைத்திருக்கும் மூடியின் ஓரமாக உள்ளே செலுத்துகிறது. சதையைக் கூட்டோடு பிணைத்திருக்கும் தசையை அறுத்து, உலுக்கி வெளியே எடுத்து விழுங்குகிறது. தலை தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் நமக்குத் தெரிவதெல்லாம் கழுத்தின் துடிப்பும் கடைசியில் தொண்டையில் இறங்கும் உருண்டையும்தான். அடுத்த முறை போகும்போது அந்த நாரைகளில் அலகு நேராகச் சேர்ந்திருப்பவை உண்டா என்று தேடு. அவை இளம் பறவைகள். இடைவெளி வளர வளரத்தான் உருவாகும்.

வேடந்தாங்கலில் எல்லாமே வெள்ளையாக, பெரிதாக இருந்தன. கொக்கு எது, நாரை எது?
(தாம்பரம் வாசகி)

பறக்கும்போது பாருங்கள், அப்போதுதான் சுலபம். கழுத்தை மடித்துக்கொண்டு பறந்தால் கொக்கு இனம். நீட்டிக்கொண்டு பறந்தால் நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் இவற்றில் ஒன்று. கூழைக்கடாவும் கழுத்தை மடிக்கும், ஆனால் அதன் உருவத்தையும் பையுள்ள அலகையும் பார்த்தபின் குழப்பம் வராது.

உட்கார்ந்திருப்பவற்றுக்கு அலகுதான் அடையாளம். மஞ்சளாக, நுனி சற்றே வளைந்து, முதுகின் பின்பகுதியில் இளஞ்சிவப்பு இருந்தால் மஞ்சள் மூக்கு நாரை. அதன் குஞ்சுகள் அழுக்குப் பழுப்பாக இருக்கும், வேறு இனம் என்று எண்ணிவிட வேண்டாம். கறுத்த தலையும் கீழ்நோக்கி வளைந்த கறுப்பு அலகும் இருந்தால் வெள்ளை அரிவாள் மூக்கன். கொக்குகளில் கறுப்பு அலகும் கறுப்புக் காலும் மஞ்சள் பாதமும் சின்னக் கொக்குக்கு. குட்டையான மஞ்சள் அலகோடு மாட்டின் பின்னால் நடப்பது உண்ணிக்கொக்கு. பெரிய கொக்குக்கு வாய்க்கோடு கண்ணையும் தாண்டிப் பின்னால் நீளும். அது ஒன்றே போதும்.

ஒரே நாளில் வேடந்தாங்கல் போய்வர முடியுமா? எதையெல்லாம் பார்க்கலாம்?
(வில்லிவாக்கம் வாசகர்)

தாராளமாக. சென்னையிலிருந்து சுமார் 80 கி.மீ. ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் செங்கல்பட்டைத் தாண்டி, படாளத்தில் வலப்பக்கம் பிரிய வேண்டும். காலை ஐந்துக்கு முன் கிளம்பினால் கூட்டம் சேருமுன் கரையில் நிற்கலாம். முடியாதவர்கள் மாலையில் வாருங்கள். இரைக்குப் போன பறவைகள் நான்கரைக்கு மேல் கூட்டம் கூட்டமாகத் திரும்புவதை ஏரிக்கரையில் நின்றபடியே பார்க்கலாம். நண்பகலில் போய்விட்டு ஏமாந்ததாக எழுதுபவர்கள்தான் அதிகம்.

வேடந்தாங்கல் ஏரி 40 ஹெக்டேர்தான். ஆனால் தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன. மரத்தடியில் தண்ணீர் நிற்பதுதான் அவற்றுக்குக் காவல், நாயும் பூனையும் நெருங்க முடியாது. ஏரி நிரம்பாத ஆண்டில் கூடுகள் குறைவதற்கும், பாதியில் நீர் வற்றினால் பறவைகள் குஞ்சுகளைக் கைவிடுவதற்கும் இதுவே காரணம். ஆகவே கிளம்புமுன் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகப் பாய்வதைக் கண்டு, ஊர் மக்கள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பறவைகளைக் காத்துவருகிறார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுடுவதைத் தடுக்கச் சொல்லி 1790-களிலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு உத்தரவு பெற்ற ஊர் இது. அங்கே போய்க் கைதட்டிப் பறவையைக் கிளப்புவது அந்த மக்களுக்குச் செய்யும் அவமரியாதை என்றே கருதுகிறோம்.

நேரமிருந்தால் பக்கத்திலுள்ள கரிக்கிலிக்கும் போங்கள். பள்ளிக்கரணையும் கரிக்கிலியும் வேடந்தாங்கலும் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தவை. வேடந்தாங்கலில் மரத்துப் பறவைகள் என்றால் கரிக்கிலியில் வாத்துகளும் கரைப்பறவைகளும். கூட்டமும் குறைவு. வாத்துகள் எல்லாம் காரணமில்லாமல் ஒரே நேரத்தில் கிளம்பினால் மேலே பாருங்கள், பெரும்பாலும் சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்துகொண்டிருக்கும்.

வெள்ளைப் பறவைகளைப் படமெடுத்தால் இறகு விவரமே இல்லாமல் வெளுத்துவிடுகிறது.
(பெரம்பூர் வாசகர்)

சுற்றியுள்ள இருண்ட நீரைப் பார்த்து கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. எக்ஸ்போஷரை -0.7 அல்லது -1 வையுங்கள். செல்போனிலும் பறவை மீது தொட்டு, சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும். பறப்பதை எடுக்க ஷட்டர் வேகம் 1/1000-க்குக் குறையக் கூடாது. கூட்டை நோக்கி ஃபிளாஷ் வேண்டாம், டிரோனும் வேண்டவே வேண்டாம்.

ஏரியில் வாத்துகளுக்குப் பொரியும் பிரெட்டும் போடலாமா?
(போரூர் வாசகி)

கூடாது. தின்னாமல் மிஞ்சியது அழுகி நீரில் உள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். வெயில் காலத்தில் அப்படித் தேங்கி அழுகும் நீரில்தான் பறவைகளின் கால், இறகு, கழுத்து என்று வரிசையாகச் செயலிழக்கச் செய்யும் பாட்டுலிசம் நஞ்சு உண்டாகிறது. போட்ட தீனிக்கு நாய்களும் வந்து சேரும்.

எங்கள் குடியிருப்போர் சங்கம் ஏரியில் ஆகாயத்தாமரையை அகற்ற முடிவு செய்திருக்கிறது. சம்பு, கோரை எல்லாவற்றையும் சேர்த்தே ஜே.சி.பி.யால் வழித்தெடுத்துவிடலாம் என்கிறார்கள். சரியா?
(கொரட்டூர் வாசகர்)

ஆகாயத்தாமரையை எடுங்கள், சம்பையும் கோரையையும் விட்டுவிடுங்கள். முன்னது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. நீர்ப்பரப்பை மூடி, வெளிச்சத்தையும் காற்றையும் தடுத்து, கீழே மீன்களை மூச்சடைக்க வைக்கும். பின்னவை நம் ஏரிகளின் சொந்தச் செடிகள். நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி, தாழைக்கோழி ஆகியவை கூடு கட்டுவது அவற்றின் நடுவில்தான். சம்பு ஏரி முழுவதையும் அடைத்திருந்தால் திட்டுத் திட்டாகக் குறையுங்கள், கரையோரம் மூன்றில் ஒரு பங்காவது நிற்கட்டும். அல்லி இலைப் பரப்பையும் தொட வேண்டாம். இலைக்கோழி முட்டையிடுவது அந்த இலைகளின் மேலேயே. நீளவால் இலைக்கோழியில் அடைகாப்பதும் குஞ்சுகளோடு அலைவதும் ஆண்தான். இலையைக் கலைத்தால் ஒரே நாளில் எல்லாம் தண்ணீரில் போய்விடும்.

வேலையைச் செய்யும் முறையில் மூன்று இடங்களில் தவறு நடக்கிறது. முதலாவது, ஏரி முழுக்கத் துரத்துவது. ஆகாயத்தாமரை மிதப்பது. காற்று அதை எதிர்க்கரையில் ஒதுக்கும். அந்தக் கரையில் மூங்கிலும் கயிறும் கட்டி மடக்கி எடுத்தால் ஆளும் நேரமும் பாதியாகும். இரண்டாவது, எடுத்ததைக் கரையிலேயே குவிப்பது. அது அழுகி வடியும் சாறு உரமாக மறுபடி ஏரிக்கே திரும்பும். அன்றன்றே வண்டியில் ஏற்றிக் கரையைவிட்டு அப்புறப்படுத்த வேண்டும். மூன்றாவது, பூத்தபின் எடுப்பது. விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். பூக்குமுன் எடுத்துவிட்டு, பதினைந்து நாளைக்கொருமுறை மீதியைப் பொறுக்க வேண்டும். ஒரு கையளவு விட்டாலும், சாதகமான சூழலில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும்.

இதையெல்லாம் செய்தும் திரும்பத் திரும்ப வந்தால் சாக்கடை எங்கே கலக்கிறது என்று தேடுங்கள். அந்தச் செடிக்குச் சாப்பாடே கழிவுநீர்தான். மழையில்லாத நாளில் ஏரியைச் சுற்றி நடந்தால், எந்த வாய்க்காலில் அப்போதும் நீர் ஓடுகிறதோ அதுதான் குற்றவாளி. படமெடுத்து, இடத்தைக் குறித்து, எழுத்துமூலம் புகார் கொடுங்கள். அதை அடைக்காமல் செடியை மட்டும் எடுப்பதற்குச் செலவழிக்கும் பணம் வீண்.

பாம்பு பயத்தால் வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள்.
(சேலையூர் கல்லூரி மாணவர்)

பயம் நியாயமானதுதான். சதுப்பு நில ஓரப் புல்லில் கண்ணாடி விரியன் உண்டு. கணுக்காலை மூடும் ஷூவும் தடித்த ஜீன்ஸும் போட்டு, புல்லில் கால்வைக்காமல் நடைபாதையிலேயே நடந்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது. பார்க்காத இடத்தில் கையையும் வைக்காதே. கடித்துவிட்டால் கயிறு கட்டாதே, கீறாதே, வாயால் உறிஞ்சாதே. மோதிரத்தையும் வாட்சையும் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போ. பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான்.

பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொள்ள ஆசை. ஆயிரக்கணக்கில் இருப்பதை எப்படி எண்ணுவது?
(ஆதம்பாக்கம் ஆசிரியை)

ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, தெரிந்த எல்லா இனங்களையும் எண்ணிக்கையோடு இ-பேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கூட்டத்தின் ஒரு முனையில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவை ஐந்து முறை நகர்த்தினால் ஐம்பது. பிறகு ஐம்பதை ஓர் அளவாக வைத்துக்கொண்டு கூட்டம் முடியும்வரை நகருங்கள். கூட்டம் பெரிதாகப் பெரிதாகக் குறைத்தே மதிப்பிடுவது நம் எல்லோர் கண்ணுக்கும் வழக்கம், ஆகவே இரண்டு பேர் தனித்தனியே எண்ணி ஒப்பிடுங்கள். அடையாளம் தெரியாத வாத்தை "வாத்து" என்றே பதியலாம். ஊகித்து இனப்பெயர் போடுவதைவிட அது மேல்.

தூண்டில் நரம்பு சுற்றிய நிலையில் ஒரு பாம்புத்தாரா கரையில் கிடந்தது. என்ன செய்திருக்க வேண்டும்?
(திருநின்றவூர் வாசகர்)

முதலில் உங்கள் கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள். பாம்புத்தாராவும் கொக்கும் நாரையும் பிடிக்க வருபவரின் முகத்தைக் குறிபார்த்து ஈட்டி போலக் குத்தும். கண்ணாடி போட்டுக்கொண்டு, பெரிய துண்டைப் பறவையின் தலைமீது போர்த்தி, தலைக்குக் கீழே கழுத்தைப் பிடித்து, பிறகே உடலை அணைத்துத் தூக்க வேண்டும். அலகை ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கக் கட்டாதீர்கள். பாம்புத்தாரா, நீர்க்காகம், கூழைக்கடா மூன்றுக்கும் வெளிமூக்குத் துளை அடைபட்டிருக்கும், வாயால்தான் மூச்சு விடும். கட்டினால் மூச்சடைத்துச் சாகும்.

நரம்பைக் கத்தரியுங்கள், இழுக்க வேண்டாம். கொக்கி விழுங்கப்பட்டிருந்தால் வாய்க்கு வெளியே ஒரு சாண் நரம்பை விட்டு வெட்டுங்கள், மருத்துவர் அதைப் பிடித்துத்தான் கொக்கியைத் தேடுவார். காற்றோட்டத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். தண்ணீரோ மீனோ வாயில் திணிக்காதீர்கள். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள், அல்லது வேளச்சேரி புளூ கிராஸுக்குக் கொண்டுபோங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைத்து வளர்க்கக் கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட பறவைகள் காயமே இல்லாமல் செத்துக் கிடந்தால் மட்டும் எதையும் தொடாமல், வனத்துறைக்கும் கால்நடை பராமரிப்புத் துறைக்கும் தகவல் கொடுங்கள்.